நாற்பத்தொரு நிமிஷத் தண்ணீர்

கமருன்னிஸாவின் முதல் இசைத்தொகுப்பு சனிக்கிரகத்தின் நிலாவான டைட்டானில் முதல் தடவை ஒலித்தபோது, தொழிலாளர் விடுதியின் ஒலிபெருக்கியிலிருந்து நாற்பத்தொரு நிமிஷம் காவிரித் தண்ணீர் கொட்டியது. கணுக்கால் அளவுக்கு நின்றது. கார்த்திகை மாதத் தண்ணீருக்கு உரிய நிறத்தில் லேசாகக் கலங்கி இருந்தது என்றும், ஒரு வாழைச்சருகு மிதந்தது என்றும், இரண்டு கெண்டைக்குஞ்சுகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன என்றும் விடுதிக் காவலர் அன்றைய பதிவேட்டில் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே, வழக்கம்போல, மறுநாள் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு இருக்கிறது.

கமருன்னிஸாவின் ஊர் புங்கங்குடி. சீர்காழிக்குத் தெற்கே, சோழகன் வாய்க்கால் ஓடி ஓய்ந்து போகிற இடத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிவாசல் தெருவிலிருந்து ஆண்கள் பிழைப்புக்குக் கடல்கடந்து சபுர் போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம். முதலில் பினாங்குக்குப் போனார்கள், பிறகு சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள், இப்போது ஏழெட்டு வருஷமாக டைட்டானுக்குப் போகிறார்கள். மேலத்தெருப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். சீர்காழி பேருந்து நிலையத்துக்கு எதிரே, பல் டாக்டருக்கு மேல்மாடியில் ஏஜென்சி. பாஸ்போர்ட் அளவுப் போட்டோ ஆறு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மூன்று வருஷ ஒப்பந்தம், அவ்வளவுதான். டைட்டானில் ஏரி உண்டு, ஆறு உண்டு, மழைகூட உண்டு. ஆனால் ஆற்றில் ஓடுவது நம் வீட்டு அடுப்பில் எரிகிற வாயுவின் பங்காளி. தண்ணீர் அங்கே கல். மலை மலையாகக் கிடக்கும் அந்தக் கல்லைச் சம்மட்டியும் இயந்திரமும் வைத்து உடைப்பதுதான் வேலை. வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவனைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீரை உடைக்கச் சொல்கிறார்களே என்று முதலில் ஊர் சிரித்தது. பணம் வர ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உடைத்த தண்ணீர் முழுவதும் கம்பெனியின் ராக்கெட்டுக்குப் போய்விடும். தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். அதுவும் அவரவர் வியர்வையையும் மூச்சையும் பிடித்து வடிகட்டித் திரும்பக் கொடுத்த தண்ணீர்.

கமருன்னிஸாவின் கணவன் முபாரக் அங்கே போய் இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. அவள் கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருந்தாள். சிட்டா, அடங்கல், வருமானச் சான்று, பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் எல்லாம் அவள் கையால்தான் அச்சாகி வரவேண்டும். எந்தப் புல எண்ணில் யாருக்கு எத்தனை மா நிலம், எது சொந்தம், எது குத்தகை, யார் தம்பிக்குச் சொல்லாமல் பட்டா மாற்றப் பார்க்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், வாயைத் திறக்கமாட்டாள். அதனால் ஊரில் மரியாதையும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. நாகூர் கந்தூரிக் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய புல்புல்தாரா ஒன்று பிரிண்டர் பக்கத்திலேயே கிடக்கும். இடக்கையால் தட்டச்சுப் பொறி மாதிரிக் கட்டைகளை அமுக்கி, வலக்கையால் கம்பியை மீட்டுகிற வாத்தியம் அது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அரசாங்க இணையதளம் வேலை செய்யாத நேரத்தில் மட்டும் வாசிப்பாள். அது அடிக்கடி வேலை செய்யாது என்பதால் மூன்றே வருஷத்தில் நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டாள்.

அந்த வருஷம் சித்திரையிலிருந்து முபாரக்கிடமிருந்து குரல் செய்தி வருவது நின்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் "கமரு" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசுகிறவன், எழுத்தில் இரண்டு வரி அனுப்பினான். வேலை ஜாஸ்தி என்றான். அவள் நம்பவில்லை. நச்சரித்துக் கேட்ட பிறகுதான் உண்மை வந்தது. விடுதியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நூறு பேருக்குமேல் குரல் வற்றிவிட்டது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. கோடையில் கிணறு வற்றுகிற மாதிரி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, ஒருநாள் அடி தெரிந்துவிடும். அதன்பிறகு பசி போகும். கம்பெனி டாக்டர் தொண்டைக்கு மிட்டாய் கொடுத்தார். பாங்கு சொல்கிற முகம்மது யூசுப்தான் முதலில் பேச்சிழந்தவர். பேச்சு போன ஐந்தாம் மாதம் அவர் கண்ணை மூடினார். அங்கே மண் கிடையாது என்பதால் தண்ணீரைக் குடைந்து அதற்குள் அடக்கம் செய்தார்கள்.

ஐப்பசியில் முபாரக் எழுதினான்: "எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்காதே கமரு. போனைக் கொண்டுபோயி மதகு ஓரமா வையி. தண்ணிச் சத்தம் கொஞ்சம் கேட்டாப் போதும்."

அவள் கடையைப் பூட்டிவிட்டு மதகுக்குப் போனாள். மதகைத் திறந்து மூடி, அளவுகோலைப் பார்த்துக் காலையும் மாலையும் எழுதிவைக்கிற அரசாங்க ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். புங்கங்குடி மதகின் லஸ்கர் மருதையன். அவர் பலகையை நான்கு அங்குலம் தூக்கிவிட்டிருந்தார். தண்ணீர் அடியில் பீறிட்டுக்கொண்டிருந்தது. வெறும் சத்தத்தை எப்படி அனுப்புவது, விருந்தாளிக்குச் சோறு மட்டும் போட்டுக் குழம்பு ஊற்றாத மாதிரி அல்லவா இருக்கும் என்று கமருன்னிஸாவுக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பிப் போய்ப் புல்புல்தாராவை எடுத்துவந்து, மதகுக் கட்டையில் உட்கார்ந்து, தண்ணீரோடு சேர்ந்து வாசித்தாள். மருதையனுக்கு வேடிக்கையாக இருந்தது.

"இன்னும் ரெண்டு அங்குலம் தூக்கவா தங்கச்சி? சுருதி சேருதா பாருங்க."

"தூக்குங்கண்ணே. கொஞ்சம் கொஞ்சமாத் தூக்குங்க."

பலகை ஏற ஏறத் தண்ணீரின் குரல் மாறியது, அவளும் மாற்றினாள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு பாட்டாக எட்டு பாட்டுகள். வார்த்தை கிடையாது. ஒன்பது நாள் மதியங்களில் பதிவு செய்ததை ஒட்டிச் சேர்த்தபோது நாற்பத்தொரு நிமிஷம் வந்தது. 'மதகு' என்று பெயர் வைத்து, முபாரக்குக்கு அனுப்பினாள், இணையத்திலும் ஏற்றினாள். பூமியில் அதை அறுபத்து மூன்று பேர் கேட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு மாணவன் கேட்டுவிட்டுக் காதில் ஈரமாக இருக்கிறது என்று மருத்துவரிடம் போனான், அவர் பஞ்சால் துடைத்து அனுப்பிவிட்டார். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் பாயும். இங்கே என்ன பள்ளம் இருக்கிறது?

டைட்டானில் அது முதலாவது பாட்டிலேயே பாய்ந்தது. ஒலிபெருக்கியின் வலையில் முத்து முத்தாகக் கோத்து, சொட்டி, பிறகு குழாய் திறந்த மாதிரி விழுந்தது. மிச்சமிருந்த இருநூற்றுப் பதினொரு பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் ஓடவில்லை. ஆறாவது பாட்டில்தான் ஒருவருக்குத் துணிவு வந்து கையை நீட்டி ஏந்திக் குடித்தார். அதன்பிறகு எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். கட்டுமஸ்தான ஆண்பிள்ளைகள் குழந்தைகள் மாதிரி தரையில் உட்கார்ந்து, ஒருவர் தலையில் ஒருவர் கிண்ணத்தால் மொண்டு ஊற்றி, கண்கள் சிவக்கிற வரைக்கும் குளித்தார்கள். வெளியே ஜன்னலை அடைத்துக்கொண்டு, டைட்டானின் ஆரஞ்சு மூட்டம் தொங்கியது. அதை அன்று ஒருவரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கடையில் ஒருவருக்கு அடங்கல் எடுத்துக்கொண்டிருந்தபோது கமருன்னிஸாவின் கைபேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. ஒரே வார்த்தை. "கமரு." ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த குரல். தொண்டை கரகரத்தது, ஆனால் அவன்தான். அவள் அடக்கமாட்டாமல் அழுதாள். அந்த அடங்கல் முழுக்க நனைந்து, வேறொன்று எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு வாரத்தில் விடுதியில் எல்லோருக்கும் பேச்சு வந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை 'மதகு' போட்டார்கள். கெண்டைகளை ஒரு தொட்டியில் விட்டு, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முபாரக் அரைமணி நேரம் பேசுவதை முக்கால் மணி நேரமாக்கினான், கமருன்னிஸா கேட்டுக்கொண்டே தோசை வார்த்தாள்.

சோழகன் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தது அதே வாரத்தில்தான். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பெயருக்கு வந்துவிட்டுப் போயிருந்தது. மேட்டூரில் இருப்பு போதாமல் முறை வைத்துத்தான் விட்டார்கள்; நான்கு நாள் மேல்மடைக்கு, மூன்று நாள் கீழ்மடைக்கு. சம்பா பால் பிடிக்கிற பருவம். இந்தப் பத்துப் பதினைந்து நாள் வேரில் ஈரம் இல்லையென்றால் கதிர் பதராகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட நேரத்தில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் சரியாக நாற்பத்தொரு நிமிஷம், அளவுகோலில் நான்கு அங்குலம் இறங்கியது. கரை உடையவில்லை. மருதையன் நண்டுவளை என்று சந்தேகப்பட்டார். ஊரே ஒரு வாரம் நண்டுவளை அடைத்தது. எழுநூறு வளை அடைத்தும் ஒரு சொட்டு மிச்சமாகவில்லை. பிறகு, மேல்மடையில் அறுபது மா வைத்திருக்கும் பரணிதரன் ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய் பதித்துத் திருடுகிறார் என்று பேச்சு வந்தது. டெல்டாவில் தண்ணீர் குறைந்தால் மேல்மடைக்காரனைச் சந்தேகப்படுவது மூச்சு விடுகிற மாதிரி. இரண்டு பக்கமும் மண்வெட்டியோடு நின்றார்கள். பரணிதரனின் வரப்பு வெட்டப்பட்டது, பதிலுக்குக் கீழ்மடைக்காரர் ஒருவரின் மண்டை உடைந்தது. நீர்வளத்துறைப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, ஆவியாதல் என்று எழுதிக்கொண்டு போனார்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் முபாரக் ஒரு படம் அனுப்பினான். அன்றைய தண்ணீரோடு ஒரு பாத்திரம் வந்ததாம். சோறு போட்டுச் சாப்பிட வசதியாக இருக்கிறதாம். அலுமினியத் தூக்குவாளி. கமருன்னிஸா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூடியில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: த. பஞ்சநதம். பஞ்சநதம் வாய்க்காலின் கடைசியில் பத்து மா குத்தகைக்கு உழுகிறவர். தூக்குவாளியைக் கரையில் வைத்துவிட்டு முகம் கழுவித் திரும்புவதற்குள் யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று முதல்நாள்தான் கடைக்கு வந்து புலம்பிவிட்டுப் போயிருந்தார்.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். படத்தை யாரிடமும் காட்டவில்லை. அன்று கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பயிர்ச்சேதம் பதிய வந்தவர்கள். ஒவ்வொரு புல எண்ணாகத் தட்டும்போது அந்த வயல் அவள் கண்முன்னால் வெடித்தது. அவள் முபாரக்குக்குச் சொன்னாள்: "மச்சான், அதைப் போடாதீங்க. அது நம்ம ஊருத் தண்ணி. இங்க பயிரு காயுது." அவனும் வயலில் கால் வைத்து வளர்ந்தவன்தான். அன்றோடு நிறுத்தினார்கள்.

வாய்க்காலில் மறுநாளே நான்கு அங்குலம் ஏறியது. நண்டுவளை அடைத்ததுதான் பலித்தது என்று ஊர் சந்தோஷப்பட்டது. ஒன்பது நாள் ஓடியது. ஐந்தாம் நாள் முபாரக்கின் குரல் தேய்ந்தது. ஏழாம் நாள் இருமல் மட்டும் வந்தது. ஒன்பதாம் நாள், "ஒண்ணும் கவலப்படாதே" என்று எழுத்தில் வந்தது. அதைப் படித்தபோது அவளுக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்வது! தண்ணீருக்குள் அடக்கமான முகம்மது யூசுப்பை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த ராத்திரி முழுக்க அவர் முகம் முபாரக்கின் முகமாகவே இருந்தது. நிறுத்தியே வைத்தால் புருஷன் போவான், திருட்டுத்தனமாகப் போடச் சொன்னால் ஊர்ப் பயிர் போகும். இரண்டையும் தனியாகச் சுமக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் மதகடியில் அடுத்த முறைப் பட்டியல் போடக் கூடியிருந்தார்கள். பெண்கள் வருகிற கூட்டம் இல்லை அது. கமருன்னிஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் போய், பஞ்சநதத்தின் கையில் கைபேசியைக் கொடுத்தாள். ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, தன்மேல் தப்பில்லை என்றும் சொல்லவில்லை. பஞ்சநதம் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னோடதுதான். இந்தப் பக்கம் ஒரு நசுங்கல் இருக்கும், பாரு, இருக்கு." பிறகு, "அங்க யாரு தின்னுறா இதுல?" என்றார்.

"எங்க வீட்டவரு."

கூட்டம் கொதித்தது. நாம் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டு கிடக்கிறோம், அங்கே மூன்று வேளை குளியலா என்றார்கள். திருடன் பட்டம் சுமந்த பரணிதரனுக்குத்தான் கோபம் அதிகம்; நியாயமான கோபம்.

"இப்பவே அழிச்சிருங்கம்மா அதை. ஆயக்கட்டுல இல்லாத எடத்துக்கு எப்படித் தண்ணி வுடுறது? நாளைக்கு எவன் வேணா கேப்பான்."

பஞ்சநதம் கைபேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"தங்கச்சி, அது நம்ம மதகுலேருந்து எவ்வளவு தூரம்?"

"ஒளியே போறதுக்கு ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும்ணே."

"தண்ணிக்கு?"

"இங்க எறங்குற நேரமும் அங்க வர்ற நேரமும் ஒண்ணுதான்."

அறுபது வருஷ வாழ்க்கையில் பஞ்சநதத்தின் வயலுக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்தது இருபது வருஷம் இருக்கும். மற்ற வருஷமெல்லாம் வருகிறது, வருகிறது என்று வரப்பில் நின்று மேற்கே பார்த்ததுதான்.

"இத்தன நாளா நான்தான் கடைமடைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றார். "எனக்குக் கீழேயும் ஆளு இருக்கான். கடைமடைக்காரன் வயித்தெரிச்சலு எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியாது பரணி. மூணு வேள கெடையாது. முறைன்னா முறை. வாரத்துக்கு ஒருக்கா எழுதுங்க. எம் பங்குலேருந்து கழிச்சிக்குங்க."

பரணிதரன், இந்த மதகுப் பாசனத்தில் சேர்ந்த நிலங்களின் ஆயக்கட்டுப் பதிவேட்டில் அப்படி ஒரு இடம் இல்லை என்று மறுபடியும் சொன்னார். மருதையன் முப்பத்தோரு வருஷமாக லஸ்கராக இருப்பவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர். அவர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டே, "தண்ணி பாயுற எடந்தானே சார் ஆயக்கட்டு," என்றார். பஞ்சநதத்தின் பங்கில் மட்டும் கழிப்பது முறையில்லை என்று பேசி, கடைசியில் மாவுக்கு இவ்வளவு என்று எல்லோர் பங்கிலும் கொஞ்சம் கழித்தார்கள். பரணிதரனும் கையெழுத்துப் போட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மதகுச் சுவரில் மருதையன் எழுதினார்: டைட்டான், வெள்ளி, மாலை நாலு மணி, 41 நிமிஷம். இப்போது மூன்று சம்பா ஆகிவிட்டது. சுவருக்கு இரண்டு தடவை வெள்ளையடித்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் அந்த வரியைத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்தப் போகம் பஞ்சநதத்துக்கு மா ஒன்றுக்கு இரண்டு மூட்டை குறைந்தது, பதராகவில்லை. முபாரக் ஒப்பந்தம் முடிந்து வந்து கடையில் பிரிண்டரைப் பார்த்துக்கொள்கிறான். அவன் கட்டிலில் இப்போது மேலத்தெருப் பையன் ஒருவன் படுக்கிறான்.

ஆனால் அந்த முதல் வெள்ளிக்கிழமையைச் சொல்லவேண்டும். நாலு மணிக்கு முன்பே கரை நிறைந்துவிட்டது. மேல்மடை, கீழ்மடை, மண்டையில் கட்டுப் போட்டவர், கட்டுப் போடக் காரணமானவர், எல்லோரும் வந்திருந்தார்கள். மருதையன் மற்ற எல்லா மடையையும் அடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நாலு அடித்தது. ஒரு சத்தமும் இல்லை. மதகுக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு தடவை சிலிர்த்தது. பிறகு, பக்கத்தில் போகாமல், கீழே போகாமல், நின்ற இடத்திலேயே இறங்க ஆரம்பித்தது. அதன்மேல் ஆகாயத்தாமரை ஒன்று இருந்தது, அடுத்த கணம் இல்லை. ஒரு தவளை பாதியில் மனசை மாற்றிக்கொண்டு கரைக்குத் தாவியது. அளவுகோலில் ஈரக்கோடு மட்டும் மேலே நின்றது. ஒருவரும் சொல்லாமல் ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். விஜயலட்சுமி என்கிற நடவுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காலுக்குக் கீழே ஓடுகிற இந்தத் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் போகத் தெரியும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கமருன்னிஸாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தான் வாசித்தது அதன் பக்கவாத்தியம் மட்டும்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

பஞ்சநதம் அவள் கைபேசிக்குக் குனிந்து, அடுத்த வயல்காரனைக் கூப்பிடுகிற சத்தத்தில், "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். அது போய்ச் சேர ஐந்தே கால் ஆகும், அங்கிருந்து பதில் வர ஆறரை ஆகும் என்று கமருன்னிஸா விளக்கினாள். பரவாயில்லை என்று எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பத்தொன்றாவது நிமிஷம் இறக்கம் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஐந்தரைக்குக் கைபேசி ஒலித்தது. கேள்வி போய்ச் சேர்வதற்கு முன்பே அங்கிருந்து பதில் கிளம்பியிருந்தது.

முதலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு வறண்ட தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு முபாரக்கின் குரல், அதற்குப் பின்னால் ஒன்று, பத்து, இருநூறு குரல்கள், ஒன்றோடொன்று ஏறி: "வந்துருச்சு! வந்துருச்சு!"

கமருன்னிஸா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். பஞ்சநதம்தான் முதலில் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கடைமடை பாஞ்சிருச்சு," என்றார் மருதையனிடம். "நம்ம மடையைத் திறங்க."